கரட்டு டீச்சர் பதில்கள்: பந்தியில் இரண்டு பாயசம்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "மலையைக் காக்கக் கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், எந்த இடத்தை முதலில் எடுப்பது என்று கணக்குப் போடவே ஒரு முறை இருக்கிறது." அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் மாடித்தோட்டம், மாவுப்பூச்சிக் கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். முழுக்க மலைதான்; ஏற்காடு உட்கார்ந்திருக்கும் நம் சேர்வராயன் மலை.

ஏற்காடு முழுவதையும் சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்குக் கணக்கு?
(ஓமலூர் வாசகர்)

ஏற்காடு முழுவதும் என்றால் அதில் என்னென்ன வரும், யோசித்தீர்களா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டார். மலையின் மேல்தளம் இன்றைக்குப் பெரும்பாலும் தோட்டங்கள்தான். நடுநடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். காபிச்செடி வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அவை அங்கே இருக்கின்றன. போதாக்குறைக்கு டவுன், பள்ளிக்கூடங்கள், லாட்ஜ்கள். காப்புக்காடு பெரும்பாலும் சரிவுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. அத்தனை பேரையும் ஒரே அரசாணையில் சரணாலயத்துக்குள் உட்காரவைக்க எந்த அரசாலும் முடியாது. முடிந்தாலும் அது நியாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உலகத்தில் பல நாடுகளில் சரணாலயங்கள் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத நிலத்தில்தான் வந்திருக்கின்றன. செங்குத்துச் சரிவு, பாறை, பனிமலை, பாலை. உழவுக்கு ஆகும் நிலமும் ரோடு போட வசதியான நிலமும் முதலிலேயே பட்டாவாகிவிடும். அப்புறம் மிச்சத்தைக் காட்டி "இவ்வளவு ஹெக்டேர் காப்பாற்றிவிட்டோம்" என்பார்கள். உயரத்தில் வாழும் உயிர்களுக்கு ஏகப்பட்ட இடம் கிடைக்கும். அடிவாரத்தில் வாழ்பவை பிளாட் போடும் கல்லுக்கு நடுவே நிற்கும். 2022இல் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று ஒப்புக்கொண்டன. நல்லதுதான். எந்த முப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

டீச்சர், எங்கள் வகுப்பில் 'முறைசார் பாதுகாப்புத் திட்டமிடல்' என்று ஒரு பாடம் வந்தது. மார்க்சான் என்று ஒரு மென்பொருளும் சொன்னார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சேர்வராயன் மலையை வைத்தே சொல்ல முடியுமா?
(கல்லூரி மாணவி, கன்னங்குறிச்சி)

முடியும். போன இதழில் நான் சொன்ன முறையும் இதுதான். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்.

மூன்று இடம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. மேலே ஒரு சோலைக்காடு. அதில் பத்து வகை அரிய செடிகள். பக்கத்திலேயே இன்னொரு சோலை; அதில் ஒன்பது வகை, ஆனால் எட்டு முதல் சோலையிலேயே இருப்பவை. அடிவாரத்தில் ஒரு கரடு, அதாவது பாறையும் முள்ளுமான குன்று. நாலே நாலு வகைதான், நாலும் மேலே எங்கும் இல்லாதவை. இரண்டு இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எதை எடுப்பாய்?

எந்தக் கமிட்டியைக் கேட்டாலும் பத்தும் ஒன்பதும் பெரிது என்று இரண்டு சோலையையும் எடுக்கும். கூட்டிப் பார். மொத்தம் பதினொரு வகை. ஒரு சோலையும் கரடும் எடுத்திருந்தால் பதினான்கு. கல்யாணப் பந்தியில் இரண்டு பாயசம் போட்டுவிட்டு ரசத்தை மறந்த கதைதான் அந்தக் கமிட்டியின் கதை. ஓர் இடத்தில் எத்தனை இருக்கிறது என்பதைவிட, ஏற்கெனவே கையில் இருப்பதோடு அது புதிதாக எதைச் சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும். பாடத்தில் இதை 'நிறைவு செய்தல்' என்று கொடுத்திருப்பார்கள். 1983இல் டாஸ்மேனியாவில் ஜேமி கிர்க்பாட்ரிக் என்ற ஆய்வாளர் இப்படித்தான் செய்தார். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதில் உள்ள செடிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீதமுள்ளவற்றுக்கு எந்த இடம் சிறந்தது என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தார். 2000இல் மார்கியூல்ஸ், பிரஸ்ஸி என்ற இருவர் இந்தச் சிந்தனையை எல்லாம் ஒன்றுசேர்த்து 'நேச்சர்' இதழில் ஆறு படிநிலைகளாக எழுதினார்கள். தகவல் திரட்டுவதில் தொடங்கி, இலக்கு வைத்து, இருக்கும் காப்பிடங்கள் எவ்வளவு தேறுகின்றன என்று பார்த்து, குறையை நிரப்பும் இடங்களைத் தேர்ந்து, அதைச் செயலாக்கி, பிறகு பராமரிப்பது வரை. உன் பாடம் அங்கிருந்து வந்தது.

இனி நம் மலை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. சேர்வராயன் கோயில் பக்கம் 1,600 மீட்டர் தாண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் முள்புதர், இலையுதிர்காடு, மூங்கில், மேலே போனால் இலை உதிராத பச்சை என்று காடு மாறிக்கொண்டே வரும். ஒவ்வொரு வகைக் காட்டுக்கும் ஒரு பங்கு கட்டாயம் என்று முதலிலேயே இலக்கு வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டை 2004இல் மறுவரையறை செய்தபோது அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கடல் பூங்காவை 70 உயிரியல் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மீன்பிடிக்காமல் விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதுவரை 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தடைப்பகுதி மொத்தத்தில் 33 சதவீதம் ஆனது.

இலக்கு வைத்த பிறகும் சில இடங்களில் பேரமே கிடையாது. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம், சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் மரமா என்று ஆச்சரியப்படாதே, இருக்கிறது. பெயரிலேயே நம் மலை இருக்கிறது. இந்த மலைக்கே உரிய மரம். யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்று ஒரு கேடயவால் பாம்பு, 1863இல் பெடோம் என்ற ஆய்வாளர் இந்த மலையிலிருந்துதான் விவரித்தார். மண்ணுக்குள் புழு தின்று வாழும் சாது, விஷம் கிடையாது. இதன் உறவுக்காரப் பாம்பு ஒன்று கொல்லிமலையிலும் போதமலையிலும் இருக்கிறது, இங்கே இல்லை. மலைக்கு மலை சரக்கு வேறு. நடுவில் சமவெளி வந்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் பாம்பு பஸ் ஏறிப் போய்விடாதே. ஆகவே "கொல்லிமலையைக் காப்பாற்றிவிட்டோம், சேர்வராயனை விட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்று அர்த்தம்.

மார்க்சான் விஷயத்துக்கு வருகிறேன். இயான் பால், ஹியூ பொசிங்ஹாம் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கியது. மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது, அதைக் காக்க என்ன செலவு என்று கொடுத்தால், இலக்கைக் குறைந்த செலவில் எட்டும் கட்டத் தொகுப்புகளைத் தேடித் தரும். ஒரு விடை அல்ல, பல விடைகள். எந்தக் கட்டம் எல்லா விடையிலும் திரும்பத் திரும்ப வருகிறதோ அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. சில நேரம் வரும் கட்டங்களில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த மென்பொருளில் பிடித்ததே அந்த வளைந்துகொடுக்கும் குணம்தான்.

பிடிக்காதது, அதற்கு நாம் கொடுக்கும் தகவல். யார் எங்கே செடி பார்க்கப் போகிறோம்? ரோட்டோரம், அருவிக்குப் போகும் வழி, விடுதியின் பின்பக்கம். அங்கெல்லாம் புள்ளிகள் குவிந்திருக்கும். ஆள் போகாத சரிவு வரைபடத்தில் வெற்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளும். ஏற்காடு பகல்பல்லி, 2000இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. கூட்டம் அலைமோதும் ஒரு சுற்றுலா ஊரின் பெயரைத் தாங்கிய உயிரே அவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்தது என்றால், யாரும் போகாத சரிவைப் பற்றி என்ன சொல்ல? ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால் முதலில் அந்த வெற்றுக் கட்டங்களுக்கு நடந்து போ. அப்புறம் மென்பொருளைத் திற.

காட்டெருமைக்கு யார் பட்டா கொடுத்தது? ராத்திரி ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறதே!
(அழகாபுரம் வாசகர்)

உங்கள் பைக்குக்கு யார் கொடுத்தார்களோ அவர்களேதான் என்று நினைக்கிறேன். லைட்டைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. உங்களைவிடச் சட்டம் அதன் பக்கம் பலமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் பக்கத்துக் கரட்டில் ஐந்நூறு மரக்கன்று நடப்போகிறோம். வெறும் பாறையும் முள்ளுமாகக் கிடக்கிறது, பசுமையாக்கிவிடலாம் என்று ஆசை. எந்த மரம் நல்லது, அம்மா?
(அஸ்தம்பட்டி வாசகி)

வேண்டாம் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள், கன்றை எல்லாம் தெருவில் நடுங்கள்.

அந்தப் பாறையும் முள்ளும் ஏற்கெனவே ஒரு காடுதான். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை. தென்னிந்தியாவைத் தாண்டி உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அழியக்கூடிய நிலையில் இருப்பதாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு அடர்ந்த காடு ஆகாது. பெரிய பாறைகள் உருண்டு கிடக்கும் சரிவு, நடுநடுவே புதர், அதில் கொஞ்சம் பழம். இதுதான் அதன் வீடு. சேர்வராயன் சரிவுகளிலிருந்தும் அதற்குப் பதிவு உண்டு. அந்த இடத்தில் வேகமாக வளரும் மரங்களை அடைத்து நட்டால், நீங்கள் பச்சை என்பீர்கள். பறவை காலி செய்துகொண்டு போகும். முள்புதரை அண்டி வாழும் பல்லி, ஓணான், மழைக்கு மட்டும் தலைகாட்டும் கிழங்குச் செடிகளுக்கும் இதே கதிதான்.

பதிவேட்டில் தரிசு என்று இருப்பதால் யாரும் கேட்பதில்லை. நம் ஊரைச் சுற்றி வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட், பாக்சைட் என்று எத்தனை மேடுகள் தோண்டப்பட்டன என்று உங்களுக்கே தெரியும். தோண்டுகிறவருக்கும் நடுகிறவருக்கும் கரட்டைப் பற்றி ஒரே அபிப்பிராயம்: அங்கே ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

சங்கத்தின் உற்சாகத்தை வீணாக்க வேண்டாம். கரட்டில் பிளாஸ்டிக் பொறுக்குங்கள், கோடையில் தீ வைப்பவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கொட்டும் கட்டட இடிபாட்டை நிறுத்துங்கள். தெருவுக்கு வேம்பு, புங்கன், இடமிருந்தால் நாவல். ஐந்நூறு வேண்டாம், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு நட்டால் போதும்.

ஆர்க்கிட் தோட்டத்தில்தான் எல்லாவற்றையும் வளர்க்கிறார்களே, போதாதா?
(வாழப்பாடி வாசகர்)

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மாணவர்களைக் கூட்டிப்போன இடம். பூச்சி தின்னும் குடுவைச்செடியைப் பார்த்ததும் பின்பெஞ்சுப் பையன்கள்கூட வாயைத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பே கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள பூஞ்சை ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். பல ஆர்க்கிட் பூக்களுக்கு அவற்றுக்கென்று பூச்சி வேண்டும். தொட்டியில் செடி பிழைக்கும். பூஞ்சையையும் பூச்சியையும் தொட்டியில் வைக்க முடியுமா? தோட்டம் ஒரு காப்பீடு. அதைக் காட்டிக் காட்டை விற்கக் கூடாது.

எனக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்குப் பாதி சில்வர் ஓக், பாதி பழைய காட்டு மரங்கள். சில்வர் ஓக்கையே முழுக்கப் போட்டுவிடச் சொல்கிறார்கள். மிளகுக்கும் நல்லது, மரமும் விலைபோகும். உங்கள் கணக்கில் என் தோட்டத்துக்கு ஏதாவது மதிப்பெண் உண்டா?
(ஏற்காடு வாசகர்)

நிறைய உண்டு. மேல்தளத்தில் பாதுகாப்பு என்று ஒன்று நடக்க வேண்டுமானால் உங்களைப் போன்றவர்கள் இல்லாமல் நடக்காது.

திட்டக்காரர்கள் முன்பெல்லாம் காப்புக்காடு என்றால் ஒன்று, மற்றது எல்லாம் பூஜ்யம் என்று போட்டார்கள். இப்போது தோட்டத்துக்கும் அதனதன் தகுதிக்கேற்பப் பங்கு கொடுக்கிறார்கள். நாட்டு நிழல்மரம் உள்ள காபித்தோட்டம் பல பறவைகளுக்கு நடமாட்டப் பாதை. சில உயிர்களுக்கு அதுவே வீடு. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நேராக வளரும், மிளகுக்கொடி ஏறும், விற்றால் காசு. உங்கள் நிலையில் அதை முழுக்க வெட்டச் சொல்வது எனக்குச் சுலபம், கடனைக் கட்டுவது நீங்கள். அதனால் சொல்ல மாட்டேன்.

பழைய மரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அத்தி வகை ஒன்று நின்றாலும் அதை விடவே கூடாது; மற்ற மரங்களில் பழம் இல்லாத காலத்திலும் அத்தி காய்க்கும், ஒரு சரிவின் பறவைகளும் வௌவால்களும் மரநாயும் அதை நம்பியிருக்கும். நாவல், பலா, சந்தன வேம்பு இருந்தால் அவையும் நிற்கட்டும். பட்டுப்போன சில்வர் ஓக்குக்குப் பதில் வைக்கும்போது நாட்டு மரமாக வையுங்கள். இருபது வருடத்தில் தோட்டம் தானாக மாறியிருக்கும், வருமானமும் ஒரேயடியாக அடிபடாது. ஓடை இருந்தால் இரண்டு கரையிலும் கொஞ்ச தூரத்துக்குக் காபியே வேண்டாம், களைக்கொல்லியும் வேண்டாம். திருமணிமுத்தாறும் சரபங்காவும் நம் மலையில்தான் பிறக்கின்றன. தெற்குச் சரிவில் நீங்கள் தெளிப்பது சேலத்துக்கு வந்து சேரும். வடக்கே வாணியாறு இறங்குகிறது, அது தர்மபுரிக்காரர்கள் பாடு.

பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசிப் பாருங்கள். தனித்தனியாக நிற்கும் பத்து மரத்தைவிட, இரண்டு தோட்டத்து எல்லையிலும் தொடர்ந்து நிற்கும் பத்து மரம் மேல்.

உண்ணிச்செடியை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. என்னதான் செய்ய?
(ஆத்தூர் வாசகர்)

தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அளவு தோண்டி ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். காய் பழுக்கும் முன்பே செய்யுங்கள். அடுத்த மழையில் விதையிலிருந்து முளைப்பதைப் பிடுங்க மறுபடி போக வேண்டும். போகாவிட்டால் முதல் தடவை செய்தது வீண். எடுத்த இடத்தில் நாட்டுப் புல் வரட்டும். எல்லாச் சரிவிலும் எடுக்க முடியாது, ஆகவே அரிய செடி இருக்கும் இடத்தை ஒட்டி, களை இப்போதுதான் நுழையத் தொடங்கியிருக்கும் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். முழுசாக மூடிப்போன இடம் காத்திருக்கலாம்.

உங்களுக்குப் பிடித்த மரம்?
(சூரமங்கலம் வாசகி)

உசில். யாரும் செல்ஃபி எடுக்க மாட்டார்கள்.

டீச்சரம்மா, கணக்கு, கட்டம், வரைபடம் எல்லாம் சரி. எங்கள் ஊர் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டால்? எங்கோ உட்கார்ந்து ஒருவர் பென்சிலால் கோடு போட்டு, நாளைக்கு எங்களை விறகு எடுக்காதே, தேன் எடுக்காதே என்பார். இதற்குத்தான் நீங்கள் வழி சொல்லிக் கொடுக்கிறீர்களா?
(மலையாளி இளைஞர், ஏற்காடு)

தம்பி, இந்த மாதம் வந்ததில் சரியான கேள்வி உங்களுடையதுதான்.

அப்படி நடந்திருக்கிறது, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆள் இல்லாத நிலம் என்று நினைத்துப் போட்ட திட்டங்கள் இந்தியாவில் எத்தனையோ குடும்பங்களை வெளியேற்றியிருக்கின்றன. அதனால்தான் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சிறுவனப்பொருள் எடுக்கும் உரிமையும், வழிவழியாகப் பயன்படுத்திவந்த காட்டை ஊரே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையும் அதில் இருக்கின்றன. கிராமசபையில்தான் அது தொடங்கும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. பல ஊர்களில் இந்தப் பதிவேடு கடமைக்கு நிரப்பிய தாளாகக் கிடக்கிறது. உங்கள் ஊரில் அப்படி விடாதீர்கள். எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு, எந்த மாதம் தேன், எந்தக் கோயில்காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். நான் மேலே சொன்ன வெற்றுக் கட்டங்களில் பாதி அவர்கள் வாயைத் திறந்தால் நிரம்பிவிடும். அதை எழுதிக் கிராமசபைத் தீர்மானமாக வைத்துவிட்டால், கோடு போட வருகிறவர் உங்கள் தாளைத் தாண்டிப் போக யோசிப்பார். எந்தெந்தத் தகவலை வெளியே சொல்வது, மூலிகை விஷயத்தில் எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்பதும் ஊரின் முடிவு.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை 2025இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் முதலில் வந்த அரிட்டாபட்டிக்கு அடுத்தது அதுதான். சரணாலயம் போல ஆளை வெளியே நிறுத்தும் ஏற்பாடு அல்ல. ஊரின் வழக்கத்தை மறுக்காமல் காடு நிற்க ஒரு வழி. உங்கள் ஊர்க் கோயில்காட்டுக்கு அது பொருந்துமா, வேண்டுமா என்று முதலில் ஊர் பேசட்டும். வேண்டாம் என்றால் அதுவும் பதில்தான்.

மார்க்சானில் செலவு என்று ஒரு பெட்டி இருக்கும், நிலத்தின் விலையைப் போடுவார்கள். ஒரு குடும்பம் விறகும் மேய்ச்சலும் இழப்பதை அதில் போடாமல் விட்டால், உங்கள் ஊர்தான் கணக்கில் மலிவாகத் தெரியும். திட்டம் போடுகிறவர் யாராவது மலையேறி வந்தால் முதலில் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை, மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் நேரம் கிடைக்கும். என்னால் என்ன ஆகும்?
(நகரமலை அடிவாரம், வாசகர்)

வீட்டுக்குப் பக்கத்திலேயே கரடு வைத்திருக்கிறீர்கள், ஏற்காடு வரை போக வேண்டாம். போனில் பறவைகளைப் பதிய ஈபேர்டு, எல்லா உயிர்களையும் பதிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இரண்டு செயலிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் ஒவ்வொரு ஞாயிறும் நடங்கள். எங்கே எது இருந்தது என்பதோடு, பார்த்தும் கிடைக்காத நாளையும் பதியுங்கள். ஈபேர்டில் முழுப் பட்டியல் என்று கொடுத்தால், வராத பறவையும் தகவலாகிவிடும். காக்கை, மைனா என்று விட்டுவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், வெளியே பார்க்கவே நிறைய இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்க்கிட், கேடயவால் பாம்பு, எறும்புத்தின்னி எது கண்ணில் பட்டாலும் இடத்தை மறைத்துப் பதியுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் அதற்கு வசதி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தால் படத்தில் பின்னால் தெரியும் மைல்கல்லையும் கடைப்பலகையையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.